மலை ஆஸ்பத்திரியை விட்டு வந்தவள்

டயாலிசிஸ் மெஷினோடு வேலை பார்க்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் இரண்டரை வருஷம் பிரசவம் பார்த்தேன். இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால் எனக்கு முதலில் வாயில் வருவது பிரசவம்தான். அப்புறம் திருத்திச் சொல்வேன்.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில், ஒரே ஒரு அறை. அப்பா தானிய மண்டியில் மூட்டை தூக்கினார், அம்மா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். நானும் இரண்டு தம்பிகளும் சேர்த்து ஐந்து பேர். படிக்கிறவர்கள் படிக்க, சமைக்கிறவர்கள் சமைக்க, உடை மாற்றுகிறவர்கள் மற்றவர்களைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு மாற்ற, எல்லாம் அந்த அறையில்தான். நர்சிங் டிப்ளமோ முடித்ததும் கூடப் படித்த ஒருத்தி, வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆள் தேடுகிறார்கள் என்றாள். மலையில் தங்க யாரும் வருவதில்லை, அதனால் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். சம்பளம் ரொம்பக் கம்மி. அனுபவத்துக்கு ஒரு வருஷம் என்று நினைத்துக் கச்சிராயபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

ஆறு படுக்கை, ஒரு டாக்டரம்மா, நான், இன்னொரு நர்ஸ், ஒரு ஜீப். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. முதல் வாரமே டாக்டரம்மா அலுமினியத்தில் செய்த சின்னக் குழலை என் கையில் கொடுத்து, ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கச் சொன்னார். காலேஜில் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு வயிற்றைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்போம், ஆளுக்கு நாலு நொடி கிடைக்கும். இங்கே அவசரப்படுத்த ஆளில்லை. குழலின் ஒரு முனை அவள் வயிற்றில், மறு முனை என் காதில். முதலில் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தேன். தூரத்தில் யாரோ ஓடுகிற மாதிரி, வேகமாக, நிற்காமல் கேட்டது. நான் நிமிராமல் அப்படியே இருந்தேன். "போதும்மா, அவங்களுக்கு முதுகு வலிக்கும்" என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எடுத்தேன். ஒரு வருஷக் கணக்கை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

அந்த மலையில் நான் பார்த்த பிரசவங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஐப்பசி மழை. மத்தியானம் ஒரு ஊரிலிருந்து ஆள் ஓடி வந்து வலி எடுத்துவிட்டது என்றான். டாக்டரம்மா வேறு ஒரு கேஸில் இருந்தார், நான் ஜீப்பில் போனேன். அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. ஜீப் அந்தப் பக்கம் போக முடியவில்லை. அவளாலும் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஜீப்பின் பின் சீட்டிலேயே பார்த்தேன். சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க அவள் புருஷனும் டிரைவரும் தார்ப்பாயை ஆளுக்கு ஒரு முனை பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே திருப்பி, முழுக்க நனைந்துகொண்டு நின்றார்கள். தலை வந்தபோது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. படித்ததெல்லாம் ஒரு நொடி காணாமல் போனது. விரலைக் கொடுத்துக் கொடியைத் தலை வழியாக நழுவவிட்டேன். குழந்தை வந்தது, ஆனால் அழவில்லை. துணியால் முதுகைத் தேய்த்தேன், பாதத்தைத் தட்டினேன், திரும்பவும் தேய்த்தேன். அழுதது. தார்ப்பாய்க்கு வெளியே நின்ற இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"இன்னா கொழந்த?" என்று அவள் கேட்டாள். பெண் குழந்தை என்றேன். டீ கிடைக்குமா என்று கேட்டாள். மழையில் ஓடைக்கரையில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்கு இருபத்து நாலு வயது. இதைச் செய்யத்தான் பிறந்தேன் என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் நினைத்துக்கொண்டேன்.

ஆறேழு மாதம் கழித்து, கூடப் படித்த அதே தோழி சவுதியிலிருந்து கடிதம் எழுதினாள். அவள் வேலை பார்க்கும் இடத்தில் டயாலிசிஸுக்கு ஆள் எடுக்கிறார்கள், சென்னையில் இன்டர்வியூ, தேறினால் பயிற்சியும் அவர்களே கொடுப்பார்கள். சம்பளத்தைப் படித்துவிட்டு நான் தப்பாகப் படித்தேனா என்று திரும்பப் படித்தேன்.

குடும்பக் கஷ்டம், அதனால் போனேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மை இல்லை. லீவில் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒனக்கு எது புடிக்குதோ அத்த செய். எங்களுக்கு இன்னா, ஓடிக்கினுதான் கீது" என்றார். அம்மாவுக்கு நான் கடல் தாண்டிப் போவதில் இஷ்டமே இல்லை. யாரும் என்னைத் தள்ளவில்லை. எனக்கு ஒரு அறை வேண்டும் என்று இருந்தது. கதவைச் சாத்தினால் என்னுடையதாக இருக்கிற ஒரு அறை. யாரையும் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லாமல் உடை மாற்ற வேண்டும் என்று இருந்தது. மலையில் கிடைத்த சம்பளத்தில் அது இந்த ஜென்மத்தில் நடக்காது. இன்டர்வியூவுக்குப் போனேன், தேறினேன்.

அந்தச் சமயத்தில் மாதா மாதம் செக்கப்புக்கு ஒரு அக்கா வந்துகொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே இறந்து பிறந்தவை. சாமைக் கொல்லையில் வேலையைப் போட்டுவிட்டு ஐந்து மைல் நடந்து வருவாள். நான் குழலை வைத்துக் கேட்கிற நேரம் முழுக்க அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தலையாட்டினால்தான் மூச்சு விடுவாள். எட்டாம் மாதம் வந்தபோது கிளம்புவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ இருப்ப இல்ல, நர்சம்மா?"

"இருப்பேன், அக்கா" என்றேன்.

வேலைக்கு வரச் சொன்ன கடிதம் அப்போது என் பெட்டிக்குள் இருந்தது. தேதி எனக்குத் தெரியும். அவளுக்கு நாள் குறித்திருந்ததும் நான்தான். என் தேதிக்குப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் நாள்.

ராஜினாமாவைக் கொடுத்தபோது டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படித்தார், மடித்து மேஜை டிராயரில் வைத்தார். பதிவு செய்திருக்கும் கர்ப்பிணிகள் ஒவ்வொருவரைப் பற்றியும் அடுத்து வருகிறவருக்குக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். எல்லோருக்கும் ஐந்தாறு வரி எழுதினேன். அந்த அக்காவுக்கு ஒரு பக்கம் எழுதினேன். அவளிடம் நேரில் சொல்லிக்கொள்ளவில்லை. காலை பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டேன்.

சவுதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மரியாதையாக நடத்தினார்கள், சம்பளம் சொன்ன தேதிக்கு வந்தது. எனக்கென்று ஒரு அறை கொடுத்தார்கள். முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டு நின்றேன், அவ்வளவு சந்தோஷம். வேலையும் நல்ல வேலைதான். சிறுநீரகம் போனவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை வந்து நாலு மணி நேரம் படுத்திருப்பார்கள். மெஷின் அவர்கள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். நான் அளவுகளைப் பார்த்து எழுதுவேன். பெரும்பாலும் எல்லோரும் தூங்குவார்கள். அங்கே யாரும் புதிதாக வருவதில்லை, வந்தவர்களே வருவார்கள்.

அந்தப் பன்னிரண்டாவது நாள் டியூட்டியில் மூன்று முறை தப்பான கட்டத்தில் எழுதினேன். டாக்டரம்மாவுக்குக் கடிதம் போட்டு அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். போடவில்லை. வாரம் மாதமானது, மாதம் வருஷமானது. கேட்காமல் விட்டது நாளாக நாளாகக் கேட்கவே முடியாததாக ஆகிவிட்டது. இடையில் லீவில் வந்தபோது கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள். கள்ளக்குறிச்சியில் மூன்று அறை வைத்து வீடு கட்டினோம். ஒன்பது வருஷம் கழித்து, மகளைப் பள்ளியில் சேர்க்கிற நேரம் வந்ததும் ஊரோடு வந்துவிட்டேன்.

வந்ததும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை கேட்டேன். மேனேஜர் என் சர்டிபிகேட்டையெல்லாம் பார்த்துவிட்டு, பிரசவம் விட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டதே என்றார். டயாலிசிஸுக்குத்தான் ஆள் கம்மி, அங்கே போனால் சம்பளமும் ஜாஸ்தி என்றார். யோசிக்க ஒரு நாள் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராக அந்த அக்காவின் ஊருக்கு நடந்தேன். வாசலில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த நர்ஸ் நான் என்று சொன்னேன். கையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தாள்.

"ஆமா. நீ போய்ட்ட இல்ல" என்றாள்.

கோபம் எதுவும் இல்லை. நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னாள்.  குழந்தை, என்று ஆரம்பித்தேன். பையன், ஆஸ்டலில் தங்கிப் படிக்கிறான், நாலாவது, கணக்கு நன்றாக வருகிறது என்றாள். நான் போனதும் வேறு ஒரு நர்சம்மா வந்ததாம். வலி இரண்டு நாள் இழுத்ததாம், அந்த நர்சம்மா வீட்டுக்கே போகாமல் இவள் பக்கத்திலேயே இருந்ததாம். "நல்ல கை அதுக்கு" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டேன்.

திரும்பி நடக்கும்போது ஓட வேண்டும் போல இருந்தது, அவ்வளவு பாரம் இறங்கியிருந்தது. குழந்தை உயிரோடு இருக்கிறது. பாதி தூரம் வந்த பிறகுதான் அந்த நிம்மதிக்கு அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது. நான் ஒருநாளும் பார்த்திராத அந்த நர்ஸ் மேல் பொறாமை. அந்த இரண்டு நாள் என்னுடையது. அந்த முதல் அழுகை நான் கேட்டிருக்க வேண்டியது. ஒன்பது வருஷமாக என்னால் ஒரு குழந்தை செத்திருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். நான் இல்லாமலே எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் பத்து வருஷம் டயாலிசிஸிலேயே போயிற்று. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. போன வருஷம் ஒரு நாள் டாக்டரம்மா போன் செய்தார். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. அவருக்கு எழுபது நெருங்கியிருக்கும், இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். இரண்டு நர்ஸ்கள் ஒரே மாதத்தில் போய்விட்டார்கள், நீங்கள் வருகிறீர்களா என்று நேரடியாகக் கேட்டார். சம்பளம் நான் வாங்குவதில் பாதிகூட வராது என்பதையும் அவரே சொன்னார். மூன்று நாள் அவகாசம் கேட்டேன்.

கணவரிடம் சொன்னேன். "போவணும்னு இருந்தா போ. பாத்துக்கலாம்" என்றார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், மேலே படிக்க வைக்க வேண்டும், வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. அவர் இதில் எதையும் எடுத்துப் பேசவில்லை. மறுபடியும் யாரும் என்னைத் தள்ளவில்லை. அந்த மூன்று நாளும் சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் மலை ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நான் நடந்துகொண்டிருந்தேன். எந்த அறையில் தங்குவேன், ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ்ஸில் இறங்குவேன் என்பது வரை யோசித்து வைத்தேன். போகப் போவதில்லை என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று நாளையும் முழுசாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் டியூட்டி நடுவில் போன் செய்து வர முடியாது என்றேன். காரணம் சொல்லத் தொடங்கினேன். டாக்டரம்மா வேண்டாம் என்றார். மனசு மாறினால் சொல்லுங்கள் என்றார். மாறாதுங்க டாக்டர் என்றேன்.

உள்ளே வந்தபோது மூன்றாவது படுக்கைக்காரருக்கு நாலு மணி நேரம் முடிந்திருந்தது. கருணாபுரத்துக்காரர், கொத்தனார் வேலை பார்த்தவர், நாலு வருஷமாக என்னிடம் வருகிறார். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் நிற்கப் பத்து நிமிஷம் ஆகும்.

"இன்னா சிஸ்டர், மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" என்றார்.

மலையில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள், வரவில்லை என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

"நல்லதா போச்சு. நீ போய்ட்டா எனக்கு யாரு ஊசி போடறது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிஷமும் பிடித்துக்கொண்டிருந்தேன்.