சைக்கிள் பாட்டு

என் மாமி பராசக்திக்கு ஆங்கிலம் தெரியாது. கஞ்சா எப்படி மணக்கும் என்பதும் தெரியாது. வெள்ளிக்கிழமை விரதம், மற்ற நாளெல்லாம் நீர்வேலி வாழைத்தோட்டம், கணவன், மாடு. இதுதான் அவருடைய உலகம். அப்படிப்பட்ட மனுஷிக்கு, அறுபதுகளில் தலைமுடி வளர்த்த வெள்ளைக்காரப் பொடியன்கள் போதையில் வாசித்த பாட்டில் பைத்தியம் பிடித்தது. பிடித்ததோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் அவருடைய தம்பி மகள். வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அவர்களுடைய வீடு. நடுவில் வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழைகிற அளவு ஓட்டை. அதற்குள்ளால் குனிந்து போய் வந்தே எனக்குப் பாதி வயது போனது.

மாமியின் ஒரே மகன் நகுலேஸ்வரன் ஜேர்மனிக்குப் போய்ச் சில வருஷமாகியிருந்தது. கடிதம் எழுத அவனுக்குச் சரியான பஞ்சி, அவ்வளவு சோம்பல். எண்பத்தொன்பதில், ஊருக்கு வந்த ஒருவரிடம் சின்ன ரேப் றெக்கோடர் ஒன்றையும், தான் பேசிப் பதிந்த கசெற் ஒன்றையும் கொடுத்து அனுப்பினான். அதற்கு முந்திய வருஷம்தான் மாமா இராசநாயகம் வாழைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபடி வாய்க்காலில் விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு மட்டும் மெதுவாக, ஆனால் தெளிவாக வரும். விறாந்தைக் கட்டிலில் கிடந்த அந்த மனிதருக்குக் கசெற் வந்த நாள்தான் பொங்கல்.

"அப்பா, அம்மா, நான் நகுலன் கதைக்கிறன்" என்று அது தொடங்கும். பனி கொட்டுகிற விதம், உணவுக்கடையில் கோப்பை கழுவுகிற வேலை, பாணின் உருசை எல்லாம் சொல்லுவான். சிவப்பி கன்று போட்டதா என்று கேட்பான். கிணறு இறைத்தாயிற்றா என்று கேட்பான். கடைசியில், "மாமான்ரை பிள்ளையையும் கேட்டதாச் சொல்லுங்கோ" என்பான். மாமான்ரை பிள்ளை நான்தான். முறை மச்சான், எங்கள் இருவரையும் முடிச்சுப் போட்டு ஊர் பேசியதும் உண்டு. மாட்டுக்கும் கிணற்றுக்கும் பிறகு ஞாபகம் வந்தேனே என்று அன்றைக்கே அவனைக் கைகழுவிவிட்டேன்.

அவன் பேசி முடிய, கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு திடீரென்று ஒரு மேளம், கிணற்றுக்குள்ளே நின்று பாடுகிற மாதிரி ஓர் ஆண் குரல், பின்பக்கமாக ஓடுகிற கிற்றார். மாமி பதறிப்போய் நிறுத்தினார்.

"ஐயோ பிள்ளை, மிசின் பழுதாப் போச்சு!"

"பழுதில்லை மாமி. இங்கிலீசுப் பாட்டு."

"இதோ பாட்டு? பேய் பிடிச்சவன் கத்திற மாதிரிக் கிடக்கு."

மாமாவுக்குப் பின்னேரத்தில் தேத்தண்ணீரோடு மகன் குரல் வேண்டும். கேட்டு முடியும்போது பெரும்பாலும் கண்ணயர்ந்துவிடுவார். மாமி குசினியில் கை நிறைய மாவோடு நிற்பார். ஓடிவந்து நிறுத்துவதற்குள் பாட்டு கொஞ்சம் ஓடிவிடும். நாளாக நாளாக, அந்தக் கொஞ்சம் கூடிக்கொண்டு போனது. கை கழுவுகிற சாட்டில் மாமி தாமதிக்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

ஒருநாள் தானாகவே சொன்னார். "உதிலை ஒரு பாட்டிருக்குப் பிள்ளை. அடியிலை எங்கடை ஒத்து ஊதிற மாதிரி ஒரே சுரம் போய்க்கொண்டிருக்கும். மேலாலை மற்றதெல்லாம் அழுது திரியும். கேட்டனியே?"

கோயில் நாதஸ்வரத்தோடு ஒத்து ஊதுகிறவரை ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாமியின் காது அதைத்தான் பிடித்திருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தார். ஒத்துப் பாட்டு, கிணத்துப் பாட்டு, தலைகீழ்ப் பாட்டு. மற்றப் பக்கம் முழுவதும் பாட்டுத்தான் என்று கண்டுபிடித்த நாளில், சீட்டு விழுந்த முகத்தோடு பொட்டுக்குள்ளால் வந்தார். மகன் தனக்கென்று தேடி அனுப்பியிருக்கிறான் என்பது அவருடைய எண்ணம்.

"என்ன கிடக்கு உதிலை, மாமி?" என்று ஒருமுறை கேட்டேன்.

யோசித்தார். "உதைக் கேக்கேக்கை நான் ஒருதருக்கும் அம்மாவுமில்லை, பெண்சாதியுமில்லை."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். படுக்கையில் கிடக்கிற மனிதனை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பேச்சா இது என்று தன்னையே ஏசினார். அன்று பின்னேரம் பிள்ளையாருக்கு முன்னால் மூச்சிரைக்கத் தோப்புக்கரணம் போட்டதை நான் கண்ணால் கண்டேன். அடுத்த நாள் பாட்டு வழமைபோல ஓடியது.

தொண்ணூறு ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியது. கரண்ட் போனது, பற்றறிக்குத் தடை வந்தது. ஊரெல்லாம் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றெக்கோடரில் கொழுவினோம். மிதிக்கிற வேலை எனக்கு. நான் களைத்தால் நகுலன் அரக்கன் குரலில் பேசுவான். வேகமாக மிதித்தால் கீச்சுக் குரலில் சிவப்பியைச் சுகம் விசாரிப்பான். மாமா சிரிப்பார். ஆனால் என் காலுக்கு ஓர் அளவு உண்டு. மகன் பேசி முடிய எனக்கு மூச்சு வாங்கும், பாட்டுக்கு மிச்சம் இராது. அப்போதுதான் மாமியின் முகத்தில் அதைக் கண்டேன். மகன் குரல் ஓடும்போது, எப்போது முடியும் என்று அவர் காத்திருந்தார். நான் கண்டது அவருக்கும் தெரிந்தது. அடுப்பைப் பார்க்கிற சாட்டில் உள்ளே போய்விட்டார்.

அந்தப் பாட்டுகளில் மகன் என்ன செய்தி சொல்லுகிறான் என்று விசாரித்து வரும்படி என்னை யாழ்ப்பாண ரவுணுக்கு அனுப்பினார். சுஹைர் என்று ஒருவர், ஐந்து சந்திப் பக்கம் கசெற் பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்தார். லொறிப் பற்றறியில் போட்டுக் கேட்டவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"இது அறுபதுகளிலை வந்தது தங்கச்சி. சைக்கடெலிக் எண்டு சொல்லுறது. கஞ்சாவும் இன்னும் என்னென்னவோவும் போட்டிட்டு வாசிச்சவங்கள். ஆனால் உங்கடை மச்சான் போட்டதில்லை. ஆரோ வெள்ளைக்காரன்ரை பழைய கசெற். அதுக்கு மேலாலை கதைச்சுப் பதிஞ்சிருக்கிறார்."

மாமியிடம் அப்படியே ஒப்புவித்தேன்.

"என்ன, சைக்கிளோ?" என்றார். "மிதிச்சுக் கேக்கிறதாலை அந்தப் பேரோ?"

விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்து அது சைக்கிள் பாட்டு. கஞ்சா விஷயத்துக்கு மட்டும் மாமி சிரிக்கவில்லை. மகன் அனுப்பாதது என்று கேட்டதற்கும் சிரிக்கவில்லை. அதுவரை பாட்டுக் கேட்பதற்கு அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. பிள்ளை அனுப்பியது, தாய் கேட்கிறாள். இப்போது அதுவும் போயிற்று. ஆசை மட்டும் போகவில்லை.

ஐப்பசியில் சுஹைரையும் அவருடைய முஸ்லிம் சனம் முழுவதையும், உடுத்த உடுப்போடு, ஒரே நாளில் யாழ்ப்பாணத்தை விட்டு இயக்கத்தார் துப்பாக்கி முனையில் விரட்டினார்கள். நாங்கள் கேள்விப்பட்டோம். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. அந்தக் கடை போனபின் வெறும் கசெற் கேட்டுப் போக ஓர் இடமும் இருக்கவில்லை.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் எங்கள் அயலவர் அடைக்கலநாதன் மாஸ்டர் மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் புறப்பட்டார். கொம்படிக் கடலேரியைத் தண்ணீருக்குள்ளால் கடந்து போகிற பாதை. கொழும்பிலிருந்து ஜேர்மனிக்கு ஏதும் அனுப்புவதென்றால் தன்னிடம் தரலாம் என்றார். மாமாவுக்கு மகனோடு பேச வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. இருக்கிற கசெற் ஒன்றே ஒன்று. அதில்தான் பதிய வேண்டும்.

"பாட்டுக் கிடக்கிற பக்கத்திலை பதி," என்றார் மாமா. "பிள்ளை கதைச்சது அப்பிடியே கிடக்கட்டும்."

நான் மிதித்தேன். மாமி கசெற்றை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். பாட்டுப் பக்கத்தைப் போட்டுவிட்டுப் பதிகிற பொத்தானில் விரலை வைத்தபடி நின்றார். பிறகு அதை எடுத்து, மகன் குரல் இருந்த பக்கத்தைப் போட்டு, தொடக்கத்துக்குச் சுற்றினார். நான் மிதிப்பதை விட்டுவிட்டேன்.

"மாமி, அது நகுலன்ரை..."

உதட்டில் விரல் வைத்தார். அப்படிக் கெஞ்சுகிற கண்ணை நான் அவரிடம் கண்டதில்லை. பிறகு உரத்து, "ஓம், பாட்டுக்கு மேலைதான் பதியிறன்" என்றார். மாமா தொண்டையைச் செருமி, "தம்பி, நான் நல்லா இருக்கிறன், யோசியாதை" என்று தொடங்கினார். நான் மறுபடி மிதித்தேன். நகுலன் பேசிய இடம் முழுவதையும் மாமாவின் குரல் மூடியது.

குசினியில் மாமியைப் பிடித்துக்கொண்டேன். "என்ன வேலை செய்தியள்?"

"வந்த பாத்திரத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறேல்லை, பிள்ளை. அதோடை வந்த பாட்டு அதோடை திரும்பிப் போகட்டும்."

அயல் வீட்டிலிருந்து கறி வந்த கோப்பையில் நாலு மிளகாயாவது போட்டுத் திருப்பிக் கொடுக்கிற எங்கள் ஊர்ப் பழக்கத்தை என்னிடமே சொல்லுகிறார்.

"அது கறிக் கோப்பைக்கு மாமி. இந்தப் பாட்டை அவன் அனுப்பவுமில்லை. சுஹைர் சொன்னதை மறந்திட்டியளோ?"

மாமி அடுப்புச் சாம்பலைக் கிளறினார். "விரல் போகேல்லை, பிள்ளை," என்றார். "எப்பிடியும் கசெற் போகப்போகுது. எதை அழிச்சாலும் எங்களுக்கு ஒண்டுதானே?"

கசெற் போயிருந்தால் ஒன்றுதான். ஆனால் போகவில்லை. கொம்படிப் பாதையில் ஷெல் அடி. மாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்று களைத்துத் திரும்பி வந்து, பொலித்தீன் பையில் சுற்றிய கசெற்றைப் பத்திரமாகக் கையில் தந்தார்.

"பிள்ளை திரும்பி வந்திட்டான்!" மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போடு, போடு."

மாமி பையைப் பிரிக்கவே இல்லை. "உப்புத்தண்ணி பூந்திட்டுதப்பா. சுத்துதில்லை," என்றார்.

மாமா முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். அன்று தேத்தண்ணீர் ஆறிப்போய்க் கிடந்தது.

வேறு கசெற் அனுப்பச் சொல்லி நகுலனுக்கு எழுதினோம். அனுப்பினானாம், வழியிலே எங்கோ நின்றுவிட்டது. மாமா நாளுக்கு நாள் மெலிந்தார். மாமி பாட்டைத் தொடுவதில்லை என்று பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டார், மழைக்காலம் வரைக்கும் தாக்குப்பிடித்தார். பிறகு ஒரு மத்தியானம், மாமா நித்திரையானதும், சைக்கிளைத் தோட்டத்துக் கொட்டிலுக்கு உருட்டி வரச் சொன்னார். கேட்டுவிட்டு அழுவார். அழுதுவிட்டு இன்னொருக்கால் போடச் சொல்லுவார்.

"ஒண்டில் அழுங்கோ, இல்லாட்டிக் கேளுங்கோ," என்று கத்தினேன். "என்ரை கால் உளையுது."

"ரெண்டும் சேந்துதானே வருகுது," என்றார் மாமி. "நான் என்ன செய்ய?"

தொண்ணூற்றிரண்டில் மாமாவுக்குச் சாப்பாடு இறங்குவது நின்றது. ஒரு பின்னேரம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"சைக்கிளைக் கொண்டு வா, பிள்ளை. அந்தப் பாட்டைக் கேப்பம்."

மாமி குறுக்கே வந்தார். "அது தண்ணி பூந்து..."

"காத்துத் திரும்பினால் கொட்டிலுக்குள்ளை பாடுறது இஞ்சை கேக்கும், பராசக்தி."

மாமி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை கதைச்சது இல்லையெண்டும் தெரியும்," என்றார் மாமா மெதுவாக. "அது இருந்தால் நீ எனக்குப் போடாமல் விடுவியே?"

ஏசுகிற குரலே இல்லை. நம்புகிற குரல். நான் சைக்கிளில் ஏறப் போனேன். மாமி என்னைத் தள்ளிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, தானே ஏறினார். அந்த வயதில் அவர் சைக்கிள் மிதித்து நான் பார்த்ததில்லை. ஒத்துப் பாட்டு முதலில் இழுபட்டு, பிறகு நிமிர்ந்து ஓடியது. மாமா கண்ணை மூடி, நல்ல பக்கத்துக் காதை றெக்கோடர் பக்கம் திருப்பி, கடைசி வரை கேட்டார். மனைவிக்குப் பிடித்தது என்னவென்று விளங்கிக்கொள்ள அவர் உண்மையாகவே பாடுபட்டார். அது முகத்தில் தெரிந்தது.

"நல்லாத்தான் கிடக்கு," என்றார்.

மாமி மிதித்துக்கொண்டே அழுதார்.

"எண்டாலும் பராசக்தி, எனக்கு அவன் கதைக்கிறதுதான் விருப்பம்."

"ஓம்," என்றார் மாமி. வேறு என்ன சொல்ல முடியும்?

அந்தக் கிழமை முடிவதற்குள் மாமா போய்விட்டார். மாமி பாட்டை விடவில்லை, விட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒத்துப் பாட்டு முடிய என்னைப் பார்த்து ஒன்றையேதான் சொல்லுவார். "அந்த மனிசன் என்னை ஒருக்கால் ஏசியிருக்கலாம், பிள்ளை."