கஸ்தோனுக்காக வந்த அழைப்புகள்

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் ஆபீசின் புகார் போன் அடித்தது. நம்பர் காட்டும் டப்பாவில் செலஸ்தீன் மதாம் வீட்டு எண். எத்தனையோ பேர் கூப்பிடுகிறார்கள், அந்த ஒரு நம்பர்தான் எனக்கு மனப்பாடம். எடுத்த எடுப்பில், "மதாம், லைன்மேன் கிளம்பிட்டான், கரண்ட் இதோ வந்துரும்" என்றேன். மறுமுனையில் வேறு குரல். "மதாம் இல்ல சார். நான் பக்கத்து வூட்டு பூங்கோதை. மதாம் போயிட்டாங்க சார். ரிசீவர் கீழ தொங்கினு இருந்திச்சி. யாருக்குச் சொல்றதுன்னே தெரியல. ரீடயல் அமுக்குனேன், உங்களுக்கு வந்திச்சி."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். புகார் எழுதுகிறவனுக்கு வாயில் வரும் முதல் கேள்வி அதுதான். கை தானாகப் பேனாவை எடுத்து, தாளில் 'நெல்லித்தோப்பு' என்று எழுதியும் விட்டது. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் இரண்டு பக்கம் எழுதுங்கள் என்று மதாமிடம் பிரெஞ்சு படித்த நீங்கள் வந்து கேட்டீர்கள். நான் அவருடைய மாணவன் இல்லை, உறவும் இல்லை. போனில் புகார் கேட்கிற ஆள். அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் அந்த நம்பரிலிருந்து மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும் நான் எடுக்கவில்லை. காலையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து பாதி நெல்லித்தோப்பு கரண்ட் இல்லாமல் கிடந்தது. கத்திரி வெயில். இரண்டு போனும் ஓயவில்லை. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, மாவு மில், மாடியில் தண்ணீர் ஏறாத வீடு என்று வரிசையாகக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மதாம் நம்பரைப் பார்த்ததும், 'நாய்க்குச் சூடுன்னு சொல்லத்தானே, கொஞ்சம் பொறுக்கட்டும்' என்று நினைத்தேன். இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

மதாம் முதன்முதலில் கூப்பிட்டது சுனாமிக்கு மறுவருஷக் கோடையில். "முசியே, கரண்ட் போயி ஒரு மணி நேரமாச்சு. கஸ்தோன் மூச்சு வாங்குறான். ஈரத் தரையில படுக்க வச்சிருக்கேன், அப்பவும் தாங்க மாட்டேங்குறான்" என்றார். வேறு ஊராக இருந்தால் கஸ்தோன் யார் என்று கேட்டிருப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு பேராவது பிரெஞ்சுப் பெயரோடு இருப்பார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மிலிட்டரி பென்ஷன்காரராக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கோடை முழுக்க அவர் தெருவுக்குத்தான் முதலில் ஆள் அனுப்பினேன். "அங்க ஒரு பேஷண்ட் இருக்காருப்பா, ஓடு" என்று லைன்மேன்களை விரட்டினேன்.

வெயில் தணிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆறு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு அந்த நோயாளியைப் பார்க்கப் போனேன். கதவு திறந்தது. ஓநாய் மாதிரி ஒன்று, ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு, இரண்டு முன்னங்காலையும் தூக்கி என் நெஞ்சில் வைத்தது. சாத்துக்குடி எல்லாம் வாசலில் உருண்டது. "பயப்படாதீங்க. கஸ்தோன், எறங்கு" என்றார் மதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நாய்க்கா மதாம்? மூணு மாசமா ஒரு நாய்க்கா ஆள் அனுப்பிக்கினு இருந்தேன்?"

மதாம் அசரவில்லை. "மனுஷன்னு நான் எப்ப சொன்னேன் கலியபெருமாள்? நீங்க கேக்கவே இல்லையே. சூடு எல்லாருக்கும் சூடுதான். உள்ள வாங்க, காபி போடறேன்." காபியில் ஒரு வெள்ளை முடி மிதந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறாவது போகாமல் இருந்ததில்லை.

கஸ்தோனை வாங்கியது மதாம் இல்லை. பிரான்சிலிருந்து ஒரு வருஷம் இங்கே தங்க வந்த அவருடைய அண்ணன் மகன் ஜெரார், பெங்களூரில் பனிப் பிரதேசத்து நாயான ஹஸ்கியின் குட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தார். வருஷம் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். "வாங்குனவன் பறந்துட்டான், வளர்றவன் எங்கிட்ட இருக்கான்" என்பார் மதாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே நாயின் உடம்புச் சூட்டை வைத்துத்தான் நடந்தது. வெயில் ஏறுவதற்கு முன் காலை ஐந்து மணிக்கு ஒரு நடை. தார் ரோடு ஆறிய பிறகு இன்னொரு நடை. நடுவில் குளியலறை ஈரத் தரை அவனுக்கு, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனும் அவனுக்கு. மதாம் தன் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டுதான் உங்களுக்குப் பாடம் நடத்தினார் என்பது உங்களுக்கே தெரியும்.

முடியைப் பற்றிச் சொல்லாமல் ஹஸ்கியைப் பற்றிச் சொல்லி முடியாது. வருஷத்துக்கு இரண்டு முறை மொத்தமாகக் கொட்டும், மற்ற நாளில் சில்லறையாகக் கொட்டும். இட்லி மாவில், ஜெபமாலையில், என் சட்டைப் பையில், உங்கள் புத்தகங்களுக்கு நடுவில் எங்கும் அதுதான். "பாரீசு குளிருக்குக் கம்பளி நான் இங்கேர்ந்தே குடுத்தனுப்புறேன்" என்று கல்யாணமாகிப் பிரான்ஸ் கிளம்பும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார். பார்க்கிறவர்கள் எல்லோரும் "மொட்ட அடிச்சி விட்டுடுங்க மதாம், பாவம்" என்று யோசனை சொல்வார்கள். நானும் சொன்னேன். அந்த முடிதான் குளிரை மட்டும் இல்லாமல் வெயிலையும் தடுக்கிறது என்று மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். "வெயில்ல நிக்கிறவன் கையிலேர்ந்து குடைய புடுங்கச் சொல்றீங்களே" என்றார் என்னிடம்.

கோடையில் வைத்திக்குப்பத்திலிருந்து ஒருவர் மீனுக்கு வைக்கிற ஐஸில் பாதிக் கட்டியைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுவந்து போடுவார். கஸ்தோன் அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்வான். அதனால் அவன்மேல் எப்போதும் லேசாக மீன் வாடை வீசும். ஒருநாள் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து அந்த சைக்கிளின் பின்னாலேயே ஓடிவிட்டான். அன்று நான் அங்கே இருந்தேன். இருவரும் தெருத் தெருவாகத் தேடிவிட்டுக் குப்பத்துக்குப் போனால், கரையில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "ஒங்க ஓநாயா இது? ஐசு பொட்டி மேல ஏறி ஒக்காந்துனு எறங்க மாட்டேங்குது. ரெண்டு கானாங்கெளுத்திய வேற துன்னுட்ச்சி. இட்டுனு போங்க!" பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டவன் மாதிரி அவன் எங்களைப் பார்த்தான். நான் அடிக்கக் கை ஓங்கினேன். மதாம் தடுத்தார். "ஓடிப் போறவன அடிக்கக்கூடாது. எங்க போறான்னு தெரிஞ்சா போதும்."

ஹஸ்கி குரைக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். மற்றவற்றைப் பற்றித் தெரியாது, கஸ்தோன் குரைத்து நான் கேட்டதில்லை. முனகுவான், வாயைக் கோணிக்கொண்டு எதிர்த்துப் பேசுவான், மதாம் கடைக்குப் போனால் கழுத்தைத் தூக்கி ஊளையிடுவான். நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்று நம்புகிற தெரு அது. எதிர்வீட்டுப் பெரியவர் தொண்ணூறு வயதில் போய்ச் சேர்ந்தபோது பழி கஸ்தோன் மேல் விழுந்தது. நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்று மனு எழுதி ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். மதாம் வீடு வீடாகப் போனார். "அவன் தெனமும்தான் ஊளையிடுறான். தெனமுமா ஒருத்தர் போறீங்க?" என்று கேட்டார். அதோடு மனு எங்கேயோ போயிற்று. ஒரு வருஷத்தில் தெருவுக்கே பழகிவிட்டது. ஊளை கேட்டால், மதாம் கடைக்குப் போயிருக்கிறார் என்று தங்கள் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

செய்தி வந்த அன்று நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. மதாமைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பூங்கோதை அழுதுகொண்டே சொன்னாள்: "மூணு மணிலேர்ந்து விடாம ஊளையிட்டுனு இருந்தானாம் சார். மதாம் கடைக்குப் போயிருக்காங்கன்னு எல்லாரும் இருந்துட்டாங்க. நான் வேலையிலேர்ந்து வந்துதான் எட்டிப் பாத்தேன்." நான் தலையை ஆட்டினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன்.

ஜெரார் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை உடலை வைத்திருக்க ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது. பெட்டிக்கு இடைவிடாமல் கரண்ட் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதாம் வீட்டு போனிலிருந்தே லைன்மேன் சேகரைக் கூப்பிட்டேன். "நெல்லித்தோப்புல மதாம் தெருவுக்கு ரெண்டு நாளைக்கு கரண்ட் போவக்கூடாது, பாத்துக்க. ஆமா, மத்தியானம் போனது எத்தன மணிக்கு வந்திச்சி?" என்று கேட்டேன்.

"அந்தத் தெருவுக்கு எங்க சார் போச்சி? எரிஞ்சது மேற்கால டிரான்ஸ்ஃபார்மர். மதாம் வூட்ல காலைலேர்ந்து கரண்ட் இருக்குதே."

"சரி" என்று வைத்துவிட்டேன். தலைக்கு மேல் லைட் எரிந்துகொண்டிருந்தது. டேபிள் ஃபேனும் அதன் இடத்தில், குளியலறை வாசலைப் பார்த்து, சுற்றிக்கொண்டிருந்தது. கஸ்தோனுக்கு அன்று ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் நான் அங்கேயேதான் இருந்தேன். மணிக்கொரு தரம் ஆபீசுக்கு போன் செய்து லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு நிமிஷம்கூட கரண்ட் போகவில்லை. அந்த நாட்களில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது. கஸ்தோன் பெட்டியை ஒட்டிப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஜெபம் சொல்ல வந்தவர்கள், "என்னா பாசம் பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படுப்பது அவன் வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்தும் அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் நான் அவர்களைத் திருத்தப் போகவில்லை.

அடக்கம் முடிந்த அன்று ஜெராரிடம் நான் போனை எடுக்காததைச் சொன்னேன். நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரைக் கேட்டேன் சார். மாரடைப்பு, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்னார். நீங்க எடுத்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார். உங்களில் சிலரும் அதையே சொன்னீர்கள். நம்பர் காட்டும் டப்பா நேரத்தையும் காட்டும். முதல் அழைப்புக்கும் மூன்றாவது அழைப்புக்கும் நடுவே நாற்பது நிமிஷம் இருந்தது. இதை ஜெராரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஜெராரால் நாயைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. கருவடிக்குப்பத்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். "ஊரு கரண்ட்ட பாத்தது போதாதுன்னு இத வேற தலையில கட்டிக்கினு வந்துட்டீங்களா?" என்றாள் என் மனைவி. மூன்றாம் நாள் அவளே தன் புடவையை நனைத்து அவனுக்குப் போர்த்திக்கொண்டிருந்தாள். எங்கள் குளியலறை இப்போது அவனுடையது. காலையில் நடக்கக் கூட்டிப் போகிறேன், வந்து முடி சீவுகிறேன், மூச்சு சீராக வருகிறதா என்று உட்கார்ந்து பார்க்கிறேன். செய்ய வேண்டியதையெல்லாம் கை செய்கிறது. அழுகை இன்னும் வரவில்லை. பெரிய மனசு உங்களுக்கு என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது.

மதாமிடமிருந்து என்னிடம் மீதமிருப்பது கஸ்தோன் ஒருவன்தான். அவனோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்துவிட்டது. மதாம் வீட்டு போன் பக்கத்தில் ஒரு டைரி இருந்தது. டாக்டர் நம்பர், கோயில் நம்பர், பூங்கோதை வேலை செய்யும் கடை நம்பர், உங்களில் இருபது பேருடைய நம்பர், எல்லாம் அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தன. அதில் ஒன்றையும் அவர் கூப்பிடவில்லை. மூன்று முறையும் என்னைத்தான் கூப்பிட்டார். ஏன் என்று தினமும் யோசிக்கிறேன். ஒரே ஒரு பதில்தான் கிடைக்கிறது. நான்கு கோடையாக, அவர் கூப்பிட்டு நான் எடுக்காமல் இருந்ததே இல்லை.