நான் சவர்க்காரமான மத்தியானம்

உள்ளுக்குள்ளிருந்து சவர்க்காரமாகிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு மத்தியானம் உறுதியாக நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். அப்போது பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. தலையில் பாதி ரசாயனம், மீதி பயம்.

போன வாரம் மகள் தன் பாடசாலை ஆய்வுகூடத்தில் எடுத்த படம் ஒன்றைப் போனில் காட்டினாள். கரைசலை உறிஞ்சி அளக்கிற பிப்பெற் என்ற கண்ணாடிக் குழாயியின் உச்சியில் சிவப்பு ரப்பர் குமிழ்.

"இதை அமுக்கித்தான்பா கரைசலை மேல இழுப்போம். நீங்கள்லாம் எப்படி இழுத்தீங்க?"

"வாயால."

"சீ!" என்றாள். பல்லேகல பக்கம் போகிற பஸ்ஸில் எச்சில் துப்புகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வாயால்தான் இழுத்தோம், வேறு வழியே தெரியாது. எங்கள் ஆய்வுகூடத்துக்கு அமோனியாவும் ஈர மரமும் கலந்த ஒரு வாசனை உண்டு. அந்த வாசனையை நினைத்தால் எனக்கு உடனே அப்பாவின் கடைதான் ஞாபகத்துக்கு வரும், ஏனென்று தெரியவில்லை. கண்டி டவுனில் சில்லறைக் கடை. நீளமான சவர்க்காரக் கட்டிகளைக் கம்பியால் அறுத்து விற்போம். சனிக்கிழமைகளில் அறுப்பது என் வேலை. கொழுப்போடு சோடியம் ஐதரொட்சைட்டு சேர்ந்தால் சவர்க்காரம் என்று ரசாயனம் படிப்பித்த சேர் வகுப்பில் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பாடம் எனக்குப் புரிந்தது. அது புரிந்ததுதான் வினையாகிப் போனது.

அடுத்த வாரம் நியமிப்புச் செய்முறை. அமிலத்தையும் காரத்தையும் அளந்து சேர்த்து, நிறம் மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டும். "குழாயி நுனி கரைசலுக்குள்ளயே இருக்கணும். வெளிய வந்துச்சுன்னா எல்லாம் வாய்க்குள்ள வந்துரும்" என்று சேர் இரண்டு தடவை சொன்னார். நான் பக்கத்து மேசையில் யாருக்கு முதலில் இளஞ்சிவப்பு வருகிறது என்று பார்த்துக்கொண்டே உறிஞ்சினேன். நுனி வெளியே வந்தது. சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் வாய்க்குள் பாய்ந்தது.

துப்பியிருக்கலாம். அந்த நொடியில் சேர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மரியாதைக்காக விழுங்கிவிட்டேன்.

நாக்கு வழுவழுத்தது. சவர்க்காரம் தொடங்கிவிட்டது! அந்தக் காலத்தில் என்னிடம் கொழுப்புக்குப் பஞ்சமில்லை, வகுப்பில் என் பெயரே குண்டன். மூலப்பொருள் இரண்டும் தயார். நான் கம்பியால் அறுபட்டு அப்பாவின் கடைத்தட்டில் அடுக்கப்பட்டிருப்பது கண்முன் தெரிந்தது.

செத்துப்போவதற்கு முன் எவ்வளவு விழுங்கினேன் என்றாவது தெரிய வேண்டாமா? கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஐந்து மில்லிலீற்றர் இருக்கும். செறிவு 0.1. பெருக்கினால் 0.5 மூல். ஒரு மூல் நாற்பது கிராம். ஆக இருபது கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது எரிசோடா, என் வயிற்றில். சேரிடம் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். நீண்ட யோசனைக்குப் பிறகு உயிரையே தேர்ந்தெடுத்து எழுந்தேன்.

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான் ராஜேந்திரன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து தினமும் நடந்தே இறங்கி வருகிறவன், என் மேசைக் கூட்டாளி.

"எங்கடா போற, மூஞ்செல்லாம் வெளுத்து?"

"முழுங்கிட்டேன்டா. இருபது கிராம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கொப்பியை வாங்கிப் பார்த்தான். அவசரமே இல்லாமல் பார்த்தான், அதுதான் எனக்கு ஆத்திரம்.

"லீற்றராக்கினியா?"

"என்னது?"

"செறிவு ஒரு லீற்றருக்குடா. நீ மில்லிலீற்றர்ல பெருக்கி வச்சிருக்க. ஆயிரத்தால பிரி, மடையா."

பிரித்தேன். இருபது கிராம் 0.02 கிராமானது.

"இதுல ஒரு பேன் குளிக்கக்கூட சவுக்காரம் வராது" என்றான் அவன். "அதுவும் ஒன் வயித்துல அமிலம் இருக்குல்ல? காரமும் அமிலமும் சேந்தா உப்பும் தண்ணியும். போய்ப் பச்சத்தண்ணி குடிச்சிட்டு வா. எனக்கு இன்னும் நிறம் மாறல."

நடுநிலையாக்கல் என்ற பாடத்தை ஆறு மாதம் மனப்பாடம் செய்திருந்தேன். அது என் வயிற்றுக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டே இன்னொரு தடவை மனதுக்குள் ஆயிரத்தால் பிரித்துப் பார்த்தேன். நம்ப முடியவில்லை, மூன்றாம் தடவையும் பிரித்தேன்.

அந்த ஆய்வுகூடம் இப்போது கணினி அறையாம். மர மேசைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ராஜேந்திரன் கனடாவில் எங்கோ இருக்கிறான் என்கிறார்கள், முகவரி கிடைக்கவில்லை. வாயால் உறிஞ்சுகிற பிள்ளையை இனி எந்த ஆய்வுகூடத்திலும் பார்க்க முடியாது, அது நல்லதுதான்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: நான் விழுங்கிய ஐந்து மில்லிலீற்றர், வயிற்று அமிலத்தோடு சேர்ந்து, மாங்காய்த் துண்டில் தூவக்கூடக் காணாத உப்பாகவும் கொஞ்சம் தண்ணீராகவும் மாறியது. மூன்றரைக்குப் பாடசாலை விட்டதும் எனக்கு நல்ல பசி.