சவுக்குச் சருகில் வெந்த சோறு

மரக்காணத்தில் மாடி வீடு, உப்பு ஏற்ற இரண்டு லாரி, மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம்: மூன்றாம் வகுப்போடு நின்ற நான் செய்து காட்டியவை இவை.

காலையில் பக்கத்துத் தோப்பில் சவுக்குச் சருகை எரித்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதிலிருந்து உட்கார முடியவில்லை. எழுகிறேன், வாசல்வரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன். இன்று இறால் குட்டையாகிவிட்ட இடத்தில், அன்று உப்பளத்தை ஒட்டியிருந்த எங்கள் குடிசையில், விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் காசு போகக் கூடாதென்று அம்மா சருகு கூட்டி வந்து, வெளிச்சம் இருக்கும்போதே சோறு வடித்து, காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்க வேலைவிட்டு வரும் அப்பாவுக்கு நிறைய வைத்து, தங்கைகளுக்கு அளவாக வைத்து, என் தட்டு வரும்போது மட்டும் கரண்டியைப் பானை விளிம்பில் தட்டிக்கொண்டே நிற்பாள்.

"பெரியவனே, நீ வடிகஞ்சி குடிச்சிக்கோடா. நாமளும் ரெண்டு உப்புப் பாத்தி குத்தகைக்கு எடுக்கணும்ல?"

"ஏம்மா, அந்தப் பாத்தி என் வயித்துலதான் இருக்குதா?"

அப்பா சிரித்துவிடுவார். அம்மாவும் சிரிப்பாள், சோறு மட்டும் விழாது.

அப்படி மிச்சம் பிடித்துத்தான் பாத்தி எடுத்தோம். அதிலிருந்துதான் லாரி, வீடு எல்லாம் வந்தது. இப்போது என் மகன் வாசலில் பதிக்கக் கல்லுக்குச் சொல்லியிருக்கிறான்: 'பாட்டியின் சிக்கனத்தால் எழுந்த வீடு'. நாளைக்கு எழுத்து வெட்டப் போகிறார்கள். அவள் மிச்சம் பிடித்தது என் தட்டிலிருந்துதான். யாராவது அவனிடம் அந்த வரிக்குக் கீழே என் பெயரையும் வெட்டச் சொல்லுங்கள்.