கருவிழியில் முளைத்தவை

கண் டொக்டர் என்றால் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர் என்ற நினைப்பில்தான் சப்ரகமுவவுக்கு மாற்றலாகி வந்தேன். மழை ஓயாத இந்தப் பக்கத்தில் கண்ணுக்குள்ளும் பூஞ்சை முளைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணில் எது விழுந்தாலும் கசக்கிவிட்டு, பாமசியில் கிடைத்த சொட்டு மருந்தை ஊற்றிக்கொள்ளும் கூட்டம்தானே நாமெல்லாம்? கேளுங்கள்.

சுள்ளி பட்ட கண்

நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டும்போது செல்வராஜ் அண்ணனின் கண்ணில் சுள்ளி அடித்தது. தானாக வாங்கி ஊற்றிய மருந்தில் சிவப்பு குறைந்தது. கருவிழியில் வெள்ளைப் புள்ளி பரவியது. ஆஸ்பத்திரி வாட்டில் தங்கச் சொன்னால் மறுத்தார். "செவப்புதான் போயிருச்சுங்களே!"

புள்ளியைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இழை இழையாகக் கிளைத்திருந்த அழகில் நானே ஒரு கணம் மருந்தை மறந்தேன். மற்றக் கண்ணால் அவரையும் பார்க்கச் சொன்னேன். ஐந்து வாரத்தில் கண் தப்பியது. ஆனால் எனக்கு மறக்காதது, அன்று நிமிர்ந்து அவர் சொன்னதுதான்: "கவ்வாத்து வெட்டாம விட்ட மலை மாதிரில்ல இருக்கு! மருந்த ஊத்துங்க டொக்டர்."

மணிக்கொரு சொட்டு

புளத்கொகுபிட்டியவில் ரப்பர் பால் வெட்டும் பார்வதி அக்காவுக்குப் பட்டைத் துணுக்கு தெறித்து அதே வியாதி. வாட்டில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினேன். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை மணிக்கொரு சொட்டு. ஒன்று தவறினாலும் கண் போய்விடலாம். அவரோ தனி ஆள். கை வேறு நடுங்கும்.

மூன்று வாரம் கழித்து வந்தார். புண் ஆறி, மெல்லிய தழும்பு மட்டுமே இருந்தது. யார் ஊற்றியது என்று கேட்டேன். "எங்க லயத்துல வரிசையா பன்னெண்டு காம்பரா, பன்னெண்டு குடும்பங்க. மலைக்கு வேலைக்குப் போனவங்ககூட முறை வச்சு ஓடியாந்து ஊத்துனாங்க."

பூஞ்சை வேஷம்

பெல்மதுளை மாணிக்கக்கல் வியாபாரி நசீர் நானாவின் கண்ணில் சுரங்கத்துச் சேற்றுத் தண்ணீர் தெறித்திருந்தது. பார்வைக்குப் பூஞ்சையேதான், பூஞ்சை மருந்துக்கோ அசையவில்லை. கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து பதில் வந்தது: பூஞ்சை போலவே வேஷம் போடும், தண்ணீரில் வாழும் வேறோர் உயிர். என் தொழிலில் அதை நான் கண்டது அந்த ஒரு முறைதான். மருந்தை மாற்றுவதற்குள் கருவிழி கரைந்துவிட்டது. இறந்துபோன யாரோ ஒருவர் தானம் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தோம்.

வியாதி திரும்புமோ என்று மாதக்கணக்கில் பயந்தேன். திரும்பவில்லை. கருவிழி கொடுத்தவர் யார் என்று நானா கேட்டார். சொல்ல முடியாது என்றேன். கண்ணாடியில் தன் கண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷமா கல்லு பாத்தீக்கிறன் டொக்டர். இப்பிடி ஒண்ட வெல பேசாம தந்த ஆள நான் கண்டதே இல்ல."

அடுத்தவர் கண்ணைத் தெளிய வைக்கிற இந்த வேலையில், இவர்கள் பேச்சைக் கேட்டு மாஸ்க்குக்குள் வாயைப் பிளந்து பிளந்து, மூச்சின் ஆவி படிந்து மங்கிப்போவது என்னவோ என் கண்ணாடிதான்.