மாப்பிள்ளை வந்தால் சுடாத தண்ணீர்

ஒரு வாட்டர் ஹீட்டரால் ஒரு குடும்பத்தில் விரிசல் விழுமா? விழ இருந்தது. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புக்குள் இருக்கும் என் தங்கை மீனாட்சி வீட்டில்.

மீனாட்சியின் மகள் கவிதாவுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பிரபுவுக்குத் திருச்சியில் வேலை. தங்கமான பிள்ளை. ஒரே ஒரு விசேஷம்... பங்குனி வெயிலிலும் வெந்நீரில்தான் குளிப்பார். அதுவும் ராத்திரி முழுக்க ஏசியில் படுத்துவிட்டு!

தங்கை வீட்டுக்காரர் ராமையா மச்சான் சளைத்தவரா? மாப்பிள்ளைக்கென்றே ஏசி மாட்டினார். மாப்பிள்ளைக்கென்றே இரண்டாயிரம் வாட் ஹீட்டரும் மாட்டினார். ஆனாலும் பிரபு வரும்போதெல்லாம் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

ஒருநாள் மீனாட்சி போனில் மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணே, கரண்ட் பில்லுக்குப் பயந்து நான் பாதியிலயே சுவிட்ச அமத்திப்புடுறேனாம். மாப்பிள்ளை கவிதாகிட்ட சொல்லியிருக்காரு. பூச்சொரிதலுக்கு வரமாட்டாராம். புள்ள ஒரே அழுக."

அடுத்த வெள்ளி அம்மன் கோயில் பூச்சொரிதல். கல்யாணமான முதல் வருஷம். பூத்தட்டு எடுத்துப் போகிற பெண்ணுக்குப் பக்கத்தில் புருஷன் இல்லையென்றால் ஊர் சும்மா விடுமா?

எதையும் நாள், கிழமையோடு விசாரிப்பது என் பழக்கம். கேட்டேன்.

"என்னென்னைக்குச் சுடல?"

"மாப்பிள்ளை வர்ற அன்னைக்கெல்லாம்."

"மத்த நாள்ல?"

"அதெல்லாம் கொதிக்குது. கை வைக்க முடியல."

ஆள் பார்த்துச் சுடும் ஹீட்டரா? எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கிளாம்ப் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒயரை இடுக்கியால் கவ்வுவதுபோல் கவ்வி, அதில் ஓடும் மின்சாரத்தின் அளவைச் சொல்லும் கருவி அது; வோல்ட்டும் காட்டும். ஆன்லைனில் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் ஏச்சு வாங்கித் தந்ததைத் தவிர வேறு வேலை செய்ததில்லை.

"பஞ்சாயத்துக்குப் போறீங்களா, ஒயரிங்குக்குப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"ரெண்டுக்கும்தான்."

ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தேன். கவிதாவைக் கையோடு அழைத்துப்போக வந்திருந்த பிரபு, ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கோபமாக இருந்தார். மீனாட்சி அவருக்காக அடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் குளிக்கத் தண்ணீர் குறைந்துவிடக் கூடாதென்று மச்சான் மோட்டாரை ஓடவிட்டு டேங்க்கை நிரப்பிக்கொண்டிருந்தார். ஹீட்டரும் அவருக்காகவே ஓடிக்கொண்டிருந்தது. வீடே ஒரு மாப்பிள்ளைத் தொழிற்சாலை!

மீட்டரை வைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு 230 வோல்ட் வரவேண்டும். வந்ததோ 160. ஹீட்டரில் ஓடிய கரண்ட் 6 ஆம்பியர். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்... வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். ஆறு நூற்றறுபது — 960 வாட். இரண்டாயிரம் என்று விற்ற ஹீட்டர் பாதி வேலைகூடச் செய்யவில்லை!

"அப்ப கடைக்காரன் ஏமாத்திப்புட்டானா மச்சான்?" ராமையா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பொறுங்க. மோட்டார நிப்பாட்டுங்க. மீனாட்சி, கிரைண்டர ஆஃப் பண்ணு. மாப்பிள்ளை... அந்த ஏசிய ஒரு நிமிஷம் அமத்துங்க."

கதவு திறந்தது. குளிர்காற்றோடு கோபமும் வெளியே வந்தது. "ஏசியிலயும் மிச்சம் பிடிக்கணுமா?"

"இங்கிட்டு வந்து நீங்களே பாருங்க."

மீட்டரில் இப்போது 213 வோல்ட், 8 ஆம்பியர். பெருக்கினால் 1704 வாட். பிரபு செல்போனில் தானே பெருக்கிப் பார்த்தார்.

"இப்ப வகுங்க" என்றேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் — மின்தடை. முதலில் 160-ஐ ஆறால். பிறகு 213-ஐ எட்டால். இரண்டுக்கும் ஏறக்குறைய 27 ஓம்தான் வந்தது. ஹீட்டர் கொஞ்சமும் மாறவில்லை. அது நிரபராதி. கடைக்காரரும் நிரபராதி. மீனாட்சியும்தான்!

குற்றவாளி தோப்பு வழியாக வரும் ஒயர். இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் இருந்த காலத்தில் இழுத்தது. மெல்லிசு, நீளம். அதற்கும் ஒரு மின்தடை உண்டல்லவா? கரண்ட் கூடக் கூட அது வழியிலேயே வோல்ட்டைத் தின்றுவிடும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறையும். அதனால்தான் வோல்ட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போனதற்கே சூட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. மாப்பிள்ளைக்கு வரவேண்டிய சூடு, ஒயரில் உட்காரும் காக்காய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

கவிதா சிரித்துவிட்டாள். "ஒங்களுக்குப் பண்ணுன உபசாரந்தான் ஒங்க தண்ணிய ஆற வச்சிருக்கு."

பிரபு மீனாட்சியை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பூச்சொரிதலுக்கு வாரேன் அத்தை" என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

நம் ஊர் விருந்தோம்பலே இப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து அசத்த வேண்டும். கடைசியில் எதுவும் உருப்படியாகப் போய்ச் சேராது. புது ஒயருக்கு ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஒரே வழிதான் — மரியாதையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது.

வெள்ளிக்கிழமை குறைத்தார்கள். மாவு முதல் நாளே ஆட்டியாயிற்று. டேங்க் முதல் நாள் சாயங்காலமே நிரம்பிவிட்டது. காலையில் ஏசியைப் பிரபுவே அணைத்தார். பூத்தட்டு தயாராக இருந்தது. கவிதா பட்டுப்புடவையில் வாசலுக்கும் குளியலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

குளியலறைக் கதவு லேசாகத் திறந்தது. முதலில் ஆவி வந்தது. பிறகு குரல் வந்தது.

"அத்தை... தண்ணி இந்தக் கொதி கொதிக்குது. பாதியிலயே சுவிட்ச அமத்தியிருக்கலாம்ல?"