எலுமிச்சையின் முகம்

ரஷ்யாவில், பாவ்லொவோ ஊரில் வீடு கட்டுகிறவன் முதலில் தெற்கு ஜன்னல் எங்கே வரும் என்றுதான் பார்ப்பான். அடுப்பு, கட்டில் எல்லாம் அப்புறம். தெற்கு ஜன்னல் எலுமிச்சைக்கு. ஒக்கா ஆறு உறைந்து, அதன்மேல் லாரி ஓடுகிற காலத்தில் இந்த ஊர் ஜன்னல்களுக்குள்ளே எலுமிச்சை பச்சைப்பசேலென்று காய் பிடித்து நிற்கும். ஊர்க்காரர்கள் அதை அதிசயமாக நினைப்பதில்லை. அக்னியாவுக்கோ அது சக்களத்தி.

ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொல்வாள். நாற்பத்தேழில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து சவேலிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவன் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அதே வருஷம் எங்கிருந்தோ ஒரு எலுமிச்சைக் குச்சியை வாங்கி வந்து, டம்ளரில் மண் போட்டு நட்டு, அதன் மேல் கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்தான். அதற்குப் பிறகு வீட்டில் மூன்று பேர். குச்சி தொட்டிக்கு மாறி, தொட்டி பெரிதாகி, கடைசியில் இரும்புப் பட்டை போட்ட வட்டமான ஓக் மரத் தொட்டியில் ஆள் உயரத்துக்கு நின்றது.

குளிர்காலம் முழுக்க சவேலி செய்த சேவகத்தைச் சொல்லி மாளாது. பனியை அள்ளி வந்து உருக்கி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, வெதுவெதுப்பான பிறகுதான் ஊற்றுவான். தரைக் குளிர் வேருக்கு ஏறக்கூடாதென்று தொட்டிக்கு அடியில் கம்பளி. பூத்தால் மயிர்த் தூரிகையை வைத்துக்கொண்டு பூவுக்குப் பூ அவனே தேனீ.

"எனக்கு முதுகு வலிச்சா ஏன்னு கேக்க ஆள் இல்லை. அதுக்கு மட்டும் இலை இலையாத் துடைச்சு விடுறான்" என்று பக்கத்து வீட்டு லுக்கேரியாவிடம் பொருமுவாள் அக்னியா.

"பொறாமைப்படாதடி. உனக்கு இலை இருந்தா உன்னையும் துடைப்பான்" என்பாள் லுக்கேரியா.

சவேலியின் சட்டம் ஒன்றே ஒன்று. தொட்டியை யாரும் நகர்த்தக் கூடாது, திருப்பவே கூடாது. "வெளிச்சம் பாத்த பக்கம்தான் அதுக்கு முகம். முகத்தைத் திருப்பினா, அதுவும் குளிர்காலத்துல, அத்தனை இலையும் கொட்டிடும்" என்பான். வெள்ளையடிக்கும்போதுகூடத் தொட்டியைச் சுற்றித்தான் வெள்ளையடித்தான். அவனைப் பொறுத்தவரை முகத்தைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியமே நீளமான பேச்சு. மற்றதெல்லாம் தட்டுதான். தொழிற்சாலையில் முடிந்த பூட்டை இடது கை நடுவிரலால் தட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். சரியாக இருந்தால் இரண்டு தட்டு, இல்லையென்றால் ஒரு தட்டு. வீட்டுக்கும் அதே பழக்கம்தான். சூப் நன்றாக இருந்தால் மேசையில் இரண்டு தட்டு. உப்புக் கூடிப்போனால் ஒன்று. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அக்னியா எத்தனையோ தடவை சண்டைக்குப் போயிருக்கிறாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் நவம்பரில் சவேலி விழுந்தான். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரம்மா அவன் காதருகே கை தட்டினாள், "கையத் தூக்குங்க! கண்ணை மூடுங்க!" என்று கத்தினாள். நல்ல இடது கைகூட அசையாமல், அவன் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நாம பேசறது எதுவும் இவருக்குப் புரியலை, அக்னியா பெத்ரோவ்னா. கண் திறந்திருக்கு, அவ்வளவுதான். நல்ல வெளிச்சமா இருக்கிற எடத்துல கட்டிலைப் போடுங்க. அதுக்கு மேல நம்ம கையில எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளிச்சம் இருந்தது தெற்கு ஜன்னலில் மட்டும். அங்கே எலுமிச்சை நின்றது, பக்கத்தில் அக்னியாவின் பீங்கான் அலமாரி. இரண்டில் ஒன்று போனால்தான் கட்டில் போட முடியும். அலமாரியைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. லுக்கேரியாவின் மருமகனும் இன்னொருவனும் வந்து தொட்டியை உருட்டிக்கொண்டுபோய் வடக்குப் பக்கத்துச் சின்ன அறையில் வைத்தார்கள். புருஷனுக்காகத்தானே செய்கிறோம் என்று அக்னியா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதும் உண்மை. முப்பத்தொரு வருஷத்துச் சக்களத்தியாயிற்றே.

அந்தப் புத்தாண்டுக்கு வந்த குளிர் இருக்கிறதே, அப்பப்பா! கிணற்றுச் சங்கிலியைத் தொட்டால் தோல் அதோடு வந்துவிடும். வடக்கு அறையில் எலுமிச்சை உதிர ஆரம்பித்தது. தினமும் காலையில் ஒரு முறம் இலை. அக்னியா அதைக் கூட்டி, சவேலியின் கண்ணில் படாமல் அடுப்பில் போட்டாள். புரியாத மனுஷனுக்கு எதற்கு மறைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜனவரி நடுவில் மரம் மொட்டையாகி, நுனியில் நாலைந்து இலையும் ஒரே ஒரு காயும் மிச்சம்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அக்னியா சவேலியின் கறுப்புக் கோட்டை எடுத்து, கட்டிலுக்கு எதிரிலேயே விரித்து இஸ்திரி போட்டாள். தொழிற்சாலையில் ஓய்வு கொடுத்தபோது வாங்கியது, ஒரே தடவை போட்டது; இனி சவப்பெட்டியில் கிடத்தும்போது போட. லுக்கேரியா பக்கத்தில் உட்கார்ந்து அளவு பார்த்தாள்.

"தோள் சரியா இருக்கும். இடுப்புதான் தொளதொளங்கும். முதுகுப் பக்கம் மடிச்சு ஊசி குத்திடலாம், யாரு பாக்கப்போறா?"

"அன்னிக்கே ஒரேயடியாப் போயிருந்தா அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றாள் அக்னியா.

"மெதுவாப் பேசுடி!"

"எதுக்கு மெதுவா? அந்தச் சுவத்துக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். தினம் நாலு தடவை அவனைப் புரட்டி, கரண்டி கரண்டியாக ஊட்டி, அந்தக் குளிரில் படுக்கைத் துணி அலசி, விரல் எல்லாம் வெடித்துப்போயிருந்தது. மனுஷி களைத்துப்போனால் வாயில் என்னதான் வராது!

மறுநாள் காலை அவள் ஊட்டிக்கொண்டிருந்தபோது சால்வையில் ஒட்டியிருந்த எலுமிச்சை இலை ஒன்று போர்வைமேல் விழுந்தது. சவேலியின் இடது கை அதன்மேல் ஊர்ந்து போய் மூடிக்கொண்டது. தற்செயல் என்று நினைத்து விரலைப் பிரிக்கப் பார்த்தாள். விடவில்லை. மத்தியானமும் விடவில்லை. சாயங்காலம் துடைத்துவிடும்போதும் கை மூடியே இருந்தது. அக்னியா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் அவளே போய் லுக்கேரியாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். "வா, அலமாரியை வெளியே போடணும்."

"உன் அலமாரியையா? அதைத் தொட விடமாட்டியேடி!"

"வாயை மூடிக்கிட்டு ஒரு பக்கம் பிடி."

பீங்கான் எல்லாம் பெட்டிக்குப் போயிற்று, அலமாரி நடைக்குப் போயிற்று. இரண்டு கிழவிகளும் தொட்டியைக் கம்பளிமேல் ஏற்றி, மூச்சு வாங்க வாங்க இழுத்து, ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் சேர்த்தார்கள். அப்புறம்தான் அக்னியாவுக்கு உறைத்தது. முகம் எந்தப் பக்கம்?

இலை நிறைய இருந்தால் அதுவே சொல்லியிருக்கும். மொட்டைக் கிளை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் அடையாளம் கிடையாது. நகர்த்தவே போவதில்லை என்று இருந்தவன் எதற்கு அடையாளம் போடுவான்? முப்பத்தொரு வருஷம் அதே அறையில் இருந்தும், கோபத்தில் ஒரு நாளாவது அவள் அந்த மரத்தை நின்று பார்த்ததில்லை.

"ஏதோ ஒரு பக்கம் இருக்கட்டும். செத்த மரத்துக்கு முகம் என்ன, முதுகு என்ன?" என்று சொல்லிவிட்டு லுக்கேரியா அடுப்பைப் பார்க்க வீட்டுக்கு ஓடினாள்.

அக்னியாவுக்கு மனசு கேட்கவில்லை. தப்பான பக்கம் திருப்பி வைத்தால் மிச்ச இலையும் போய்விடும். தொட்டியைக் கட்டிக்கொண்டு கம்பளிமேல் கால்வட்டம் திருப்பினாள். "இப்படியா இருந்துது சவேலி?" என்றாள். சுவரிடம் பேசுகிற மாதிரிதான் கேட்டாள்.

கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு கேட்டது.

அவள் திரும்பினாள். சவேலி கூரையைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை திறந்திருந்தது. கசங்கிய இலை போர்வைமேல் கிடந்தது.

இன்னும் கொஞ்சம் திருப்பினாள். ஒரு தட்டு. மறுபடியும் திருப்பினாள். ஒரு தட்டு. அக்னியாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மிச்சமிருந்த ஒற்றைக் காய் ஜன்னல் பக்கம் வந்தபோது சத்தமே இல்லை. இன்னும் இரண்டு விரல் அகலம் தள்ளினாள்.

டக், டக்.

அக்னியா தொட்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது சந்தோஷம்தான். ஐயோ, இருக்கிறான், உள்ளேதான் இருக்கிறான்! அடுத்த மூச்சிலேயே இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது. தோள் சரியா இருக்கும். ஊசி குத்திடலாம். அன்னிக்கே போயிருந்தா.

"சவேலி… அந்தக் கோட்டு… நாங்க பேசினதெல்லாம் கேட்டுதா?"

டக், டக்.

"எல்லாமுமா?"

டக், டக்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் சாவைக் கேட்ட வாயால் இப்போது என்ன சொல்வது? அவனும் பார்த்துக்கொண்டே கிடந்தான். ஜன்னல் கண்ணாடியின் பனிப் பூ வெயிலில் கரைந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டை எடுத்து உதறினாள். அதைத் தொட்டியைச் சுற்றிப் போர்த்தி, கை இரண்டையும் இழுத்து முன்பக்கம் முடிச்சுப் போட்டாள்.

"தரைக்குத்தான் கம்பளி இருக்கு. பக்கத்துக் குளிருக்கு இது இருக்கட்டும்" என்றாள்.

சவேலி கோட்டையும் மரத்தையும் பார்த்தான். தொண்டையில் ஏதோ கரகரத்தது. அவன் சிரிக்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் விரல் எழுந்தது, இரண்டு தட்டு. வாய் போனாலும் தீர்ப்பு பழையபடி முழுசாக வந்தது.

மார்ச்சில் மொட்டைக் கிளையில் துளிர் விட்டது. சவேலி பேசவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. மூன்று வருஷம் இருந்தான். பனித் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அக்னியா கிண்ணத்தை அவன் கைக்குக் கொண்டுபோவாள். சூடு சரியென்றால் இரண்டு தட்டு. தூரிகையைப் பிடித்துப் பூவுக்குப் பூ அவள் தேனீயானாள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் யாராவது அவனைப் படர்க்கையில் பேசினால் போதும், டாக்டரம்மாவாக இருந்தாலும் சரி, "அவர்கிட்டயே கேளுங்க" என்று கடித்துவிடுவாள்.

மூன்று வருஷம் முடிந்து பனி உருகுகிற சமயத்தில் தூக்கத்திலேயே போனான். துவைத்து வைத்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைத்தான் அக்னியா அவனுக்குப் போட்டாள். லுக்கேரியாவுக்கு மனசு ஆறவில்லை. கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "கறுப்புக் கோட்டு எங்கடி? மாப்பிள்ளை மாதிரி இருப்பானே அதுல" என்றாள்.

அக்னியா ஜன்னலைக் காட்டினாள். மண் படிந்து, பித்தான் அறுந்து, தொட்டியைக் கட்டிக்கொண்டிருந்தது கோட்டு. மேலே மரம் பூத்திருந்தது.

"அதுக்கு வேலை இருக்கு" என்றாள்.